எடையைக் குறைச்சுட்டு வர்றேன் மேடம்

தீபாவளிக்குப் பிறகு வந்த கடிதங்களை எல்லாம் பிரித்து மேசைமேல் அடுக்கினேன். எந்த டயட் நல்லது என்று கேட்டவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: ஆரம்பித்தாயிற்று, பாதி தூரம் வந்தாயிற்று, இப்போது மனசு விட்டுப் போகிறது, என்ன செய்வது? இந்த மாதம் பகுதி முழுவதும் அவர்களுக்குத்தான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 43. ஏப்ரலில் 84 கிலோ இருந்தேன். செப்டம்பருக்குள் 75க்கு வந்தேன். அதற்குப் பிறகு ஏழு வாரம், எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் முள் நகரவில்லை. ஐப்பசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் சாப்பிட்டேன், 76.5 காட்டியது. அன்றைக்கு விட்டதுதான். ஒரு மாதமாக மெஷின் பக்கமே போகவில்லை. எனக்கு மன உறுதி கிடையாது என்கிறார் கணவர். அவர் சொல்வது உண்மையா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உண்மையில்லை அம்மா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ஒன்றரைக் கிலோ. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவானதுபோக சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500க்கு மேல். ஓர் இட்லிக்கு 60 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 190 இட்லி. எந்தக் கல்யாணப் பந்தியிலும் இரண்டு நாளில் அது நடக்காது. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். சாதமும் இனிப்பும் கூடுதலாகச் சாப்பிடும்போது உடம்பு அதைக் கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு உப்பு வேறு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களாக இருந்தால் அதற்கும் ஒரு கிலோ ஏறி இறங்கும். பழைய சாப்பாட்டுக்கு வந்த நான்கைந்து நாளில் இதில் பெரும்பகுதி தானாக வடிந்திருக்கும். அதைப் பார்க்க நீங்கள் மெஷின்மேல் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அந்த ஏழு வாரம். 84 கிலோவைச் சுமந்துகொண்டு மாடி ஏற ஆகும் சக்தி 75 கிலோவுக்கு ஆகாது. ஏப்ரலில் உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு, செப்டம்பரில் எடையை அப்படியே நிறுத்தி வைக்கத்தான் போதுமானதாக இருந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் கண்டுபிடித்தார்கள். 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், பசி கூடும். 2011இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், பருமனான 50 பேரைப் பத்து வாரம் கடுமையான டயட்டில் வைத்துப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. ஐந்தாவது மாதத்தில் முதல் மாதத்தைவிட அதிகமாகப் பசிக்கிறது என்று நீங்கள் உணர்ந்திருந்தால், அது உடம்பு செய்கிற வேலை. உங்கள் குணத்தில் குறை எதுவும் இல்லை. இந்தப் பத்தியை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் நீங்கள் நின்றுபோனது பசியால் இல்லை என்று நினைக்கிறேன். என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

29 வருஷமாக உணவு ஆலோசனை சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன மாடி அறை. 2011 தொடக்கத்தில் என் எடை 81 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். அந்த வருஷம் தீபாவளிக்குள் 74க்கு வந்திருந்தேன். தீபாவளிக்கு அக்கா வீட்டில் நான்கு நாள். திரும்பி வந்ததும் எடை மெஷினைத் துடைத்து, துணி சுற்றி, பீரோமேல் வைத்துவிட்டேன். 'இதெல்லாம் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பு. அதே நாட்களில் என் அறைக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்குப் பிறகு அப்படித்தான். அந்த முறை பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வராத பதினோரு பேருக்கும் நானே போன் செய்தேன். எட்டுப் பேர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "கொஞ்சம் ஏறிடுச்சு மேடம். எடையைக் குறைச்சுட்டு வர்றேன்."

எடையைக் குறைப்பதற்காகத்தான் அவர்கள் என்னிடம் வந்ததே. அதைத் தனியாகச் செய்து முடித்துவிட்டுத்தான் என் முகத்தில் விழிக்க முடியும் என்று அந்த எட்டுப் பேரும் நினைத்திருந்தார்கள். மெஷினைத் துணி சுற்றி வைத்த நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பொங்கலன்று காலையில் அதைக் கீழே இறக்கினேன். 77.2.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டேன், எங்கே தவறினேன் என்றெல்லாம் அதில் எழுதுவதில்லை. விட்ட நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மட்டும் ஓர் எண். முதல் எண் 78. அடுத்தது கோடை விடுமுறையில், 19. அதற்கடுத்த தீபாவளியில் 6. 64 கிலோவுக்கு வர எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. இன்றும் பண்டிகைக்குச் சாப்பிடுகிறேன். நோட்டில் இப்போது விழுகிற எண் 1, சில சமயம் 2. நான் ஜெயித்தது என்று ஏதாவது இருந்தால் அந்த 78 சுருங்கியதுதான்.

லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று ஓர் ஆய்வு நடந்தது. 2010இல் வெளியானது. ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதில் எனக்குப் பிடித்தது வேறொரு கண்டுபிடிப்பு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பெரிய இடைவெளியைத்தான் நாம் பயப்பட வேண்டும்.

உங்கள் எண் இன்றைக்குச் சுமார் 30. அதை 31 ஆக்காதீர்கள். திங்கட்கிழமை என்று நாள் பார்க்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்றும் வேண்டாம். நாளைக் காலை வெறும் வயிற்றில் மெஷின்மேல் ஏறுங்கள். எண் என்னவாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த வேளைச் சாப்பாட்டைச் செப்டம்பரில் சாப்பிட்டதுபோல் சாப்பிடுங்கள். முள் மறுபடி நின்றால் சாப்பாட்டை மேலும் சுருக்காதீர்கள். முட்டை, பயறு, மோர், சுண்டல் என்று புரதத்தைக் கூட்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து பத்தாக மூன்று முறை செய்தாலும் ஆரம்பத்துக்குப் போதும்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். எனக்காக மட்டும் தனிச் சமையல் செய்ய நேரமில்லை, மாமியாருக்கும் அது பிடிக்கவில்லை. சாலட் வெட்டிச் சாப்பிட்டால் 'வீட்டுச் சாப்பாடு ஆகாதோ' என்கிறார்கள். பத்து நாளைக்கு மேல் எதையும் தொடர முடியவில்லை.
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: தனிச் சமையல் கூடவே கூடாது. ஒரு வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வேறு தட்டு என்றால், அது எத்தனை நாள் ஓடும்? வருஷக்கணக்கில் சாப்பிடப் போவது சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், மோர்தான். அதற்குள்ளேயேதான் வழி பார்க்க வேண்டும்.

உட்கார்ந்ததும் சாதம் போட்டுக்கொள்ளாதீர்கள். பொரியலும் கூட்டும் ஒரு கிண்ணம் நிறைய முதலில். அதைப் பாதி சாப்பிட்ட பிறகு ஒரு குழிக்கரண்டி சாதம், சாம்பார். பிறகு அரைக் கரண்டி, மோர். மூன்று முறை சாதம் போட்டுக்கொண்ட வயிறு ஒன்றரைக் கரண்டியில் நிற்கும். கூட்டில் பாசிப்பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். புடலங்காய், சௌசௌ, சுரைக்காய், கீரை, எதுவானாலும் காய் கூடுதலாக இருக்கட்டும். மாமியாருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் நல்லதுதான்.

எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் ஆகிற வீடு என்றால், அதை மூன்றே முக்கால் லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஆளுக்குக் கால் லிட்டர் குறைந்தால் மாதம் சுமார் 2,000 கலோரி. தட்டில் எதுவுமே குறைந்ததாகத் தெரியாது. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றினாலே பாதிவேலை முடிந்தது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய உப்புமா, எல்லாரும் சாப்பிட்டபின் மீந்த ஒரு கை சாதம், இவை எங்கே போகின்றன? என் அறைக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தக் குணம் நல்ல குணம், அதை விட வேண்டாம். ஆனால் உங்கள் வயிறு மிச்சத்தைக் கொட்டி வைக்கும் பாத்திரம் கிடையாது அம்மா. சாதம் மீந்தால் உடனே தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், காலையில் பழைய சோறு. குழந்தைக்கு முதலில் பாதித் தோசை, கேட்டால் இன்னொரு பாதி. உப்புமா மீந்தால் அடுத்த முறை அரை டம்ளர் ரவை குறையுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவது எதுவும் சாப்பிட்ட கணக்கில் நமக்கே ஏறுவதில்லை. அதனால் உட்காராமல் ஒன்றும் வாயில் போடுவதில்லை என்று ஒரே ஒரு விதி. மாமியாரிடம் எதையும் விளக்க வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மாலை 6 மணியிலிருந்து இரவு 3 மணி வரை ஷிப்ட். வயது 34, எடை 97 கிலோ. டயட் சார்ட் பிரமாதமாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது பரோட்டாக் கடையைத் தாண்டி வர முடியவில்லை. ஞாயிறு ஒரு நாள் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: தம்பி, ஒரு நாள் முழுவதும் இஷ்டத்துக்கு என்றால் ஆறு நாள் சேர்த்ததை ஞாயிறு ஒன்றே தின்றுவிடும். ஒரு வேளை வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேளை, எந்தக் கடை, யாரோடு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, நிதானமாக, ருசித்துச் சாப்பிடுங்கள்.

என் கவலை பரோட்டாவைப் பற்றி இல்லை, உங்கள் தூக்கத்தைப் பற்றி. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2010இல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். அளவான ஒரே மாதிரிச் சாப்பாடு. இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்ததில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது, தசைதான் அதிகம் போனது. பசியும் கூடுதலாக இருந்தது. சார்ட்டை மடித்து வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கி, ஏழு மணி நேரம் தூங்குவதற்கு வீட்டில் பேசி ஏற்பாடு செய்யுங்கள். இரவு 11 மணிக்குக் கேண்டீனில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், முட்டையோ பனீரோ சுண்டலோ அதில் இருக்கட்டும். 3 மணிக்குப் பரோட்டாக் கடை மணக்கத்தான் மணக்கும். ஆனால் காலி வயிற்றோடு அதைத் தாண்டுவதும் பாதி வயிற்றோடு தாண்டுவதும் ஒன்றில்லை.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு. 160 செ.மீ., 68 கிலோ. ஒரு மாதத்தில் அண்ணன் கல்யாணம். அதற்குள் 10 கிலோ குறைக்க வேண்டும். வெள்ளரிக்காயும் பிளாக் காபியும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நாலாவது நாள் தோற்றுவிடுகிறேன்.
- வாசகி, தாம்பரம்

பதில்: நீ தோற்கவில்லை மகளே, உன் உடம்பு உன்னைக் காப்பாற்றிவிட்டது. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். அதற்கே அவர்கள் சோர்ந்து, எரிச்சல்பட்டு, எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தார்கள். உன் வெள்ளரிக்காய்க் கணக்கு அதில் கால்வாசிகூடத் தேறாது. இதை இன்றே நிறுத்து. ஒரு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தால் நல்ல வேகம். ஜாக்கெட்டை இப்போதைய அளவுக்குத் தைத்துக்கொள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ, மயக்கம் வந்தாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ அம்மாவிடம் மறைக்காமல் சொல், டாக்டரைப் பார். எனக்கு இன்னொரு கடிதமும் எழுது, காத்திருப்பேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்றார் டாக்டர். ஒரு வருஷமாக இனிப்பைத் தொடவில்லை. தினமும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிறேன். 78 கிலோ 75 ஆகியிருக்கிறது. மூன்று கிலோவுக்காகவா ஒரு வருஷம் என்று சலிப்பாக இருக்கிறது.
- வாசகர், மந்தைவெளி

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் இங்கே நடந்த ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அப்படி மாற்றிக்கொண்டவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. மெஷினில் ஒன்றும் தெரியவில்லை, உள்ளே நோய் தள்ளிப்போயிருக்கிறது.

உங்களுக்கோ மூன்று கிலோ குறைந்தும் இருக்கிறது. ஒரு வருஷம் ஏறாமல் நின்றிருக்கிறது. மெஷினைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு டேப்பை எடுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80. மாதம் ஒரு முறை தொப்புள் உயரத்தில் அளந்து எழுதுங்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவையும் போன வருஷத்து ரிப்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிற மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சாதத்தைத் திடீரெனக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடலாம்.

கேள்வி: மழை ஆரம்பித்ததிலிருந்து வாக்கிங் நின்றுவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வருகிறது, ஏப்ரல், மே வெயிலும் வருகிறது. சென்னையில் நடைக்கு ஒரு மழைக்கால ஏற்பாடு எல்லாரிடமும் இருந்தே ஆக வேண்டும். குடியிருப்பின் மூடிய கார் நிறுத்துமிடம், வழுக்காத படிக்கட்டு, நடு ஹாலில் பாட்டுப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம், எதுவானாலும் சரி. நடக்கிற அதே நேரத்துக்கு அதே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: மேடம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் வந்திருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன். 102இலிருந்து 91 வரை குறைத்தேன். அப்புறம் அப்பா இறந்துவிட்டார், எல்லாம் விட்டுப்போனது. இப்போது 104. மயிலாப்பூர் பக்கம் சவாரி வந்தால்கூட உங்கள் தெருவில் போவதில்லை. ஒரு பத்துக் கிலோவாவது குறைத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.
- வாசகர், ராயபுரம்

பதில்: தம்பி, அப்பா போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே போன் செய்திருப்பேன்.

உங்கள் அட்டை என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது. 91 என்று எழுதிய வரிக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, வண்டியை மருந்துக்கடை வாசலிலேயே நிறுத்தலாம். 104 கிலோவோடு வாருங்கள்.